பிரேக் பிடித்தால் வண்டி நிற்க எத்தனை நொடி? கணக்கிடும் முறை

வண்டி என்ன வேகத்தில் போகிறது, பிரேக் பிடித்தால் அந்த வேகம் நொடிக்கு எவ்வளவு குறைகிறது. இந்த இரண்டும் தெரிந்தால் நிற்க ஆகும் நேரத்தை ஒரே வகுத்தலில் சொல்லிவிடலாம். வகுத்தலில் யாருக்கும் சிரமம் இல்லை. அலகை மாற்றாமல் வகுப்பது, தவறான எதிர்முடுக்கத்தை எடுத்துக்கொள்வது, கிடைத்த நொடிகளை வைத்துத் தூரத்தை ஊகிப்பது ஆகிய மூன்று இடங்களில்தான் கணக்கு தப்பிப்போகிறது. மூன்றாவதுதான் சாலையில் ஆபத்தானது.

அடிப்படைக் கணக்கு

நிற்க ஆகும் நேரம் = வேகம் ÷ எதிர்முடுக்கம்

எதிர்முடுக்கம் என்பது ஒவ்வொரு நொடியும் வேகம் எவ்வளவு குறைகிறது என்ற அளவு. மீட்டர்/நொடி² என்ற அலகில் சொல்வார்கள். 5 மீ/நொடி² என்றால், ஒவ்வொரு நொடியும் வேகத்தில் 5 மீ/நொடி கழிகிறது என்று பொருள். எனவே வேகமும் மீ/நொடியில்தான் இருக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் காட்டுவதோ மணிக்கு இத்தனை கிலோமீட்டர். அதை 3.6-ஆல் வகுத்தால் மீ/நொடி கிடைக்கும்.

கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வருகிறது, எதிர்முடுக்கம் 5 மீ/நொடி² என்று வைத்துக்கொள்வோம்.

60 ÷ 3.6 = 16.67 மீ/நொடி
16.67 ÷ 5 = 3.33 நொடி

விடை 12 நொடி என்று வந்தால் 3.6-ஆல் வகுக்க மறந்துவிட்டீர்கள். 43 நொடி என்று வந்தால் வகுப்பதற்குப் பதிலாகப் பெருக்கிவிட்டீர்கள். நேரம் எதிர்க்குறியோடு வந்தால், பாடப்புத்தகச் சமன்பாட்டில் முடுக்கத்தை −5 என்று போடாமல் +5 என்று போட்டிருப்பீர்கள். 'இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + முடுக்கம் × நேரம்' என்ற வாய்பாட்டில் இறுதித் திசைவேகம் சுழி, முடுக்கம் எதிர்க்குறி. அப்படிப் போட்டால் நேரம் நேர்க்குறியில்தான் வரும்.

மனக்கணக்காகப் போட ஒரு வழி உண்டு. எதிர்முடுக்கத்தை 3.6-ஆல் பெருக்கினால், ஸ்பீடோமீட்டர் முள் நொடிக்கு எவ்வளவு இறங்கும் என்பது தெரிந்துவிடும். 5 மீ/நொடி² என்றால் நொடிக்கு 18 கி.மீ./மணி இறங்கும். 36-ல் போகும் வண்டி 2 நொடியிலும், 54-ல் போவது 3 நொடியிலும், 72-ல் போவது 4 நொடியிலும், 90-ல் போவது 5 நொடியிலும் நிற்கும். எதிர்முடுக்கம் 2 ஆனால் நொடிக்கு 7.2 இறங்கும், 8 ஆனால் 28.8 இறங்கும்.

முழுதாக நிற்காமல் வேகத்தை மட்டும் குறைக்கும்போதும் இதே கணக்குதான். வேகங்களின் வித்தியாசத்தை எதிர்முடுக்கத்தால் வகுக்க வேண்டும். வேகத்தடைக்கு முன் 80-லிருந்து 30-க்குக் குறைக்க வேண்டும், பயணிகள் முன்னால் சாயாதபடி 2 மீ/நொடி² அளவில் மெதுவாகப் பிடிக்கிறீர்கள் என்றால், 50 ÷ 7.2 = 6.9 நொடி ஆகும். அதற்குள் வண்டி 106 மீட்டர் ஓடியிருக்கும். வேகத்தடைப் பலகையைத் தடைக்கு இருபது மீட்டர் முன்னால் நட்டால் என்ன ஆகும் என்பது இதிலேயே தெரிகிறது.

நேரத்திலிருந்து தூரம்

எதிர்முடுக்கம் மாறாமல் இருந்தால் வேகம் சீராக இறங்கும். எனவே சராசரி வேகம் தொடக்க வேகத்தில் பாதி.

பிரேக் தூரம் = தொடக்க வேகம் × நேரம் ÷ 2

மேலே பார்த்த காருக்கு 16.67 × 3.33 ÷ 2 = 27.8 மீட்டர். நேரம் தெரியாவிட்டால், வேகத்தின் வர்க்கத்தை எதிர்முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தாலும் இதே விடை வரும்.

வேகம் இரு மடங்கானால் நேரமும் இரு மடங்காகும், தூரமோ நான்கு மடங்காகும். இதைப் பள்ளியிலேயே படித்திருப்போம். ஆனால் 60-க்கும் 72-க்கும் இடையே என்ன நடக்கிறது என்று போட்டுப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும். இரண்டு கார்கள் ஒரே இடத்தில் ஆபத்தைப் பார்க்கின்றன. இரு ஓட்டுநர்களும் ஒரு நொடி கழித்து பிரேக்கை மிதிக்கிறார்கள். இரண்டுக்கும் எதிர்முடுக்கம் 5. 60-ல் வந்த கார் அந்த ஒரு நொடியில் 16.7 மீட்டரும், பிறகு பிரேக்கில் 27.8 மீட்டரும் போய், மொத்தம் 44.4 மீட்டரில் நிற்கிறது. 72-ல் வந்த கார் ஒரு நொடியில் 20 மீட்டர் போய்விடுகிறது. அதற்கு மிச்சம் இருப்பது 24.4 மீட்டர்.

20² − 2 × 5 × 24.4 = 156; வர்க்கமூலம் 12.5 மீ/நொடி

முதல் கார் நின்ற அதே கோட்டை இரண்டாவது கார் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் கடக்கிறது. நேரக் கணக்கில் 3.33 நொடிக்கும் 4 நொடிக்கும் உள்ள வித்தியாசம் அற்பமாகத் தெரியும். அந்தக் கோட்டில் ஒரு ஆள் நின்றிருந்தால் அது உயிர் வித்தியாசம். நொடிகளை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது என்று வற்புறுத்துவது இதனால்தான்.

எதிர்முடுக்கத்துக்கு எந்த எண்?

கணக்கின் நம்பகம் முழுக்க இந்த ஒரு எண்ணில் இருக்கிறது. அது கிடைக்கும் இடங்கள் மூன்று: உராய்வு, விதிமுறை, நேரடி அளவீடு.

சமதளச் சாலையில் அதிகபட்ச எதிர்முடுக்கம் = உராய்வுக் குணகம் (டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிமானத்தின் அளவு) × 9.81 (புவியீர்ப்பு முடுக்கம்). நல்ல டயரும் உலர்ந்த தார்ச்சாலையும் இருந்தால் உராய்வுக் குணகம் 0.7 முதல் 0.8 வரை எடுக்கலாம். எதிர்முடுக்கம் 7 முதல் 8 வரும். நனைந்த சாலையில் 0.4 முதல் 0.5 என்று எடுப்பது பாதுகாப்பானது. டயர் வழுக்கையாகி, சாலையில் தண்ணீரும் தேங்கியிருந்தால் இதற்கும் கீழே போகும். சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு சறுக்கத் தொடங்கினால் நிலை உராய்வு போய், அதைவிடக் குறைவான இயக்க உராய்வு வந்துவிடும். ஏபிஎஸ் என்ற பூட்டுத் தடுப்பு பிரேக் அமைப்பு செய்யும் வேலை சக்கரத்தை அந்த நிலைக்குப் போக விடாமல் வைத்திருப்பதே. ஸ்டீயரிங் கட்டுப்பாடும் அதனால்தான் கைவிட்டுப் போவதில்லை.

தண்டவாளத்தில் எஃகு மேல் எஃகு உருள்வதால் பிடிமானம் மிகக் குறைவு. ரயிலுக்கு எதிர்முடுக்கம் 0.5 முதல் 1 மீ/நொடி² வரை எடுப்பதே வழக்கம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் 0.5 மீ/நொடி² அளவில் நிற்க 55.6 நொடி ஆகும். தூரம் 772 மீட்டர். லெவல் கிராசிங்கில் ரயில் கண்ணுக்குத் தெரிந்த பிறகு 'டிரைவர் பிரேக் பிடிப்பார்' என்று எண்ணுவதற்கு இடமே இல்லை.

விதிமுறை எண்கள் குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. ஐ.நா. வாகன ஒழுங்குமுறை 13-எச்-இன்படி, பயணிகள் காரின் பிரதான பிரேக் 100 கி.மீ. வேகச் சோதனையில், எஞ்சின் இணைப்பைத் துண்டித்த நிலையில், சராசரியாக 6.43 மீ/நொடி² காட்ட வேண்டும். பேருந்துக்கு ஒழுங்குமுறை 13 கேட்பது 60 கி.மீ. வேகத்தில் 5.0. மோட்டார் சைக்கிளுக்கான ஒழுங்குமுறை 78, ஒவ்வொரு பிரேக்கையும் தனித்தனியாகச் சோதிக்கும்போது முன் பிரேக்குக்கு 4.4, பின் பிரேக்குக்கு 2.9 என்று கேட்கிறது. நம் ஊரில் முன் பிரேக்கைத் தொடவே அஞ்சுகிறவர்கள் கவனிக்க வேண்டிய எண்கள் இவை. 60 கி.மீ. வேகத்தில் பின் பிரேக் மட்டும் 2.9 தந்தால் நிற்க 5.7 நொடி, 48 மீட்டர். முன் பிரேக் மட்டும் 4.4 தந்தால் 3.8 நொடி, 31.6 மீட்டர். பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் முன் சக்கரத்தின் பிடிமானம் கூடுகிறது, பின் சக்கரத்தின் பிடிமானம் குறைகிறது. பின் சக்கரம் எளிதாக வழுக்குவது அதனால்தான். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதே சரி.

வாகன இதழ்களில் '80-லிருந்து 0, 27 மீட்டர்' என்பது போலச் சோதனை முடிவு போடுவார்கள். இதிலிருந்து நேரம் எடுக்க எதிர்முடுக்கமே தேவையில்லை. தூரத்தை இரண்டால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் போதும்: 54 ÷ 22.2 = 2.43 நொடி. எதிர்முடுக்கம் 9.1 என்று வரும். புது டயர், திறந்த மைதானம், பிரேக் பிடிக்கத் தயாராக உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் கிடைப்பது அது. அன்றாடச் சாலைக் கணக்குக்கு அதை எடுக்கக் கூடாது. உலர்ந்த சாலைக்கு 5 எடுத்துக்கொண்டால் நிதானமாக இருக்கும்.

சுமை, சரிவு

உராய்வுக் கணக்கில் வண்டியின் எடை அடிபட்டுப் போகிறது. எடை கூடினால் உராய்வு விசையும் அதே விகிதத்தில் கூடும். இதை வைத்து 'லோடு ஏற்றினாலும் பிரேக் தூரம் மாறாது' என்று சொல்வது பாதி உண்மைதான். பிரேக்கால் சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு விசை தர முடிந்தால் மட்டுமே அது பொருந்தும். விசைக்கு உச்சவரம்பு உண்டு. 16 டன் லாரிக்கு 80,000 நியூட்டன் விசை தரும் பிரேக் இருந்தால் எதிர்முடுக்கம் 5. அதே லாரியில் மொத்த எடை 24 டன் ஆகும்படி ஏற்றினால் 3.33-தான் கிடைக்கும். 60 கி.மீ. வேகத்தில் 3.3 நொடியில் நின்ற வண்டி 5 நொடி எடுக்கும். 27.8 மீட்டர் 41.7 ஆகிவிடும்.

சரிவில் எதிர்முடுக்கத்திலிருந்து 9.81 × சரிவு விகிதம் கழியும், ஏற்றத்தில் கூடும். 6 சதவீதச் சரிவு என்றால் 0.59 கழிக்க வேண்டும். எதிர்முடுக்கம் 5 இருந்த காருக்கு அது 4.41 ஆகும், நேரம் 3.33-லிருந்து 3.78 நொடிக்குப் போகும். இது தாங்கக்கூடிய வித்தியாசம். ஆனால் நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை மிதித்து, டிரம் சூடேறி, எதிர்முடுக்கம் 2-க்கு விழுந்துவிட்ட லாரிக்கு மிஞ்சுவது 1.41. 60 கி.மீ. வேகத்தில் வந்தால், சமதளத்தில் 8.3 நொடியில் நிற்க வேண்டியது, இங்கே 11.8 நொடி எடுக்கும். இன்னும் சூடேறி 0.59-க்குக் கீழே போய்விட்டால், பிரேக்கை முழுதாக மிதித்தாலும் வேகம் கூடிக்கொண்டேதான் போகும். வகுத்தலில் விடையே கிடைக்காது. சேலம்–தருமபுரி நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இறக்கம் லாரி விபத்துகளுக்குப் பெயர் போனது. அப்படிப்பட்ட இடங்களில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது எஞ்சின் தரும் பிடிப்பையும் இழந்து, முழுச் சுமையையும் டிரம்மின் மேல் போடுவதாகும். எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குவது பழைய அறிவுரை. கணக்கும் அதையே சொல்கிறது.

பிரேக் பிடிப்பதற்கு முன் ஓடும் நேரம்

ஆபத்தைக் கண்டு, காலை எடுத்து வைத்து, பிரேக்கை மிதிக்கும் வரை வண்டி முழு வேகத்திலேயே ஓடுகிறது. நேரத்தை அப்படியே கூட்ட வேண்டும். தூரத்துக்கு வேகம் × எதிர்வினை நேரம் என்று கூட்ட வேண்டும். இங்கே பாதியாக்கக் கூடாது. அடிக்கடி நடக்கும் பிழை இது.

எதிர்வினை நேரத்துக்கு எந்த எண் என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. பிரிட்டன் ஓட்டுநர் கையேட்டின் அட்டவணை சுமார் 0.67 நொடியை வைத்துப் போடப்பட்டது. கவனம் சிதறாத ஓட்டுநருக்கே அது பொருந்தும். சாலை வடிவமைப்பில் இந்தியச் சாலைப் பேராயம் எடுப்பது 2.5 நொடி. 100 கி.மீ. வேகத்துக்கு உராய்வு 0.35 எடுக்கிறார்கள், எதிர்முடுக்கம் 3.43 ஆகிறது. எதிர்வினையில் 69 மீட்டர், பிரேக்கில் 112.5 மீட்டர், சுமார் 180 மீட்டர் என்று விதி வைத்திருக்கிறார்கள். நேரம் 2.5 + 8.1 = 10.6 நொடி. வயதானவரும், மழையில் நனைந்த சாலையும், தேய்ந்த டயரும் சேர்ந்து வந்தாலும் தாங்க வேண்டும் என்பதால் சாலைக்கு இப்படித் தாராளமாக எடுப்பதுதான் நியாயம். உங்கள் ஓட்டுதலுக்கு 1.5 நொடியாவது எடுங்கள்.

எதிர்முடுக்கம் மாறினால்

இதுவரை சொன்னதெல்லாம் எதிர்முடுக்கம் மாறாது என்ற நிபந்தனையில்தான். உண்மையில் மிதித்த உடனே முழு விசை வராது. ஹைட்ராலிக் பிரேக்கில் நொடியில் சிறு பங்கு போகும். குழாயில் காற்று நிரம்ப வேண்டிய ஏர் பிரேக்கில் இன்னும் கூடுதல். ஐ.நா. விதியின் தூரச் சூத்திரங்களிலேயே இது ஒளிந்திருக்கிறது. காருக்கு '0.1 × வேகம் + 0.0060 × வேகத்தின் வர்க்கம்', பேருந்துக்கு '0.15 × வேகம் + வேகத்தின் வர்க்கம் ÷ 130' (வேகம் கி.மீ./மணியில், தூரம் மீட்டரில்). முதல் உறுப்பில் உள்ள எண்ணை 3.6-ஆல் பெருக்கினால் காருக்கு 0.36 நொடி, பேருந்துக்கு 0.54 நொடி. பிரேக் விசை எழும்ப ஒதுக்கிய நேரம் அது. இரண்டாம் உறுப்பு வேறொன்றும் இல்லை, 6.43-உம் 5.0-உம்தான். அலகு மாற்றத்தையும் சேர்த்தால் 2 × 3.6 × 3.6 = 25.92; பேருந்துக்கு 25.92 × 5 = 129.6.

பிரேக்கைப் படிப்படியாக மிதித்தால், பகுதி பகுதியாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும். மணிக்கு 72 கி.மீ., அதாவது 20 மீ/நொடி. முதல் நொடி மெதுவாக 2 அளவில் பிடித்து, பிறகு பலமாக 6 அளவில் பிடிக்கிறார் ஒருவர். முதல் நொடி முடிவில் வேகம் 18. பிறகு 18 ÷ 6 = 3 நொடி. மொத்தம் 4 நொடி. தூரம் 19 + 27 = 46 மீட்டர். இன்னொருவர் முதல் 3 நொடி பலமாக 6 அளவில் பிடித்து வேகத்தை 2-க்குக் கொண்டுவந்து, கடைசி ஒரு நொடி மெதுவாக 2 அளவில் பிடித்து நிறுத்துகிறார். அவருக்கும் 4 நொடிதான். தூரமோ 33 + 1 = 34 மீட்டர். நேரம் ஒன்றே, தூரத்தில் 12 மீட்டர் வித்தியாசம். வேகம் அதிகமாக இருக்கும் தொடக்க நொடியை வீணாக்கினால் மீட்டர்கள் பறிபோகின்றன. ஆபத்தில் தயங்காமல் முதலிலேயே அழுத்திப் பிடிக்கச் சொல்வதன் காரணம் இது.

சராசரியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முதல் ஓட்டுநரின் எதிர்முடுக்கத்தை (2 + 6) ÷ 2 = 4 என்று எடுத்தால் 5 நொடி வரும்; தவறு. நேரச் சராசரி 20 ÷ 4 = 5. தூரத்திலிருந்து எடுத்தால் 400 ÷ 92 = 4.35. இரண்டும் சரியான சராசரிகளே, ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடக் கூடாது. சோதனை அறிக்கைகளில் வரும் சராசரி தூரத்தை வைத்து எடுத்தது. வேகம் 80 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கும் பகுதியை மட்டும் அளப்பார்கள்.

உங்கள் வண்டியை அளக்க

போக்குவரத்து இல்லாத, மூடிய மைதானத்தில் மட்டும் செய்யுங்கள். பொதுச் சாலையில் வேண்டவே வேண்டாம். தேவை ஒரு டேப், ஜிபிஎஸ் வேகம் காட்டும் கைபேசி, வீடியோ எடுக்க ஒருவர். ஸ்பீடோமீட்டரை நம்பாதீர்கள், உள்ளதைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி, எனவே சற்றுக் கூட்டியே காட்டும். வேகத்தில் 5 சதவீதம் பிழை என்றால் எதிர்முடுக்கத்தில் 10 சதவீதம் பிழை, அதுவும் உங்கள் பிரேக்கை உள்ளதைவிடச் சிறப்பாகக் காட்டும் பக்கம்.

40 கி.மீ. வேகத்தில் (11.11 மீ/நொடி) வந்து பிரேக் பிடிக்கவும். பிரேக் விளக்கு எரிந்த இடத்திலிருந்து நின்ற இடம் வரை தூரம் அளக்கவும். விளக்கு எரிந்த ஃபிரேமிலிருந்து சக்கரம் நின்ற ஃபிரேம் வரை எண்ணி, 30-ஆல் வகுத்தால் நொடி (வீடியோ நொடிக்கு 30 ஃபிரேம் எடுத்தால்). தூரம் 12 மீட்டர், 57 ஃபிரேம், அதாவது 1.9 நொடி என்று வந்ததாகக் கொள்வோம்.

வேகம் × நேரம் = 21.1, அதில் தூரத்தைக் கழித்தால் 9.1
எதிர்முடுக்கம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × 9.1) = 6.8 மீ/நொடி²
பிரேக் நேரம் = 11.11 ÷ 6.8 = 1.64 நொடி
விசை எழும்பிய நேரம் = 1.9 − 1.64 = 0.26 நொடி

தூரத்தை மட்டும் வைத்துப் போட்டிருந்தால் 5.1 என்று வந்திருக்கும். பிரேக்கின் தாமதமும் அதன் வலுவும் ஒன்றாகக் கலந்துபோயிருக்கும். ஒரு ஃபிரேம் தவறினால் எதிர்முடுக்கம் 4 சதவீதம் மாறும். நொடிக்கு 120 ஃபிரேம் எடுக்கும் ஸ்லோமோஷன் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள், அப்போது 120-ஆல் வகுக்க வேண்டும். தரை சமமாகத் தெரிந்தாலும் சிறு சரிவு இருக்கக்கூடும். அதனால் எதிர்த்திசையிலும் அதே எண்ணிக்கையில் ஓட்டி, இரு பக்க எதிர்முடுக்கங்களின் சராசரியை எடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையே பிரேக் ஆற நேரம் கொடுங்கள். இல்லாவிட்டால் கடைசி ஓட்டங்களின் எண்கள் சூடேறிய பிரேக்கின் எண்களாகிவிடும்.